என்.டி.ஏ.வில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு: எங்கே தொடங்குவது, எதில் நேரம் போடுவது

புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிறது என்.டி.ஏ. எனப்படும் தேசிய பாதுகாப்பு அகாடமி. பிளஸ் டூ முடித்த கையோடு ராணுவத்திலோ கடற்படையிலோ விமானப்படையிலோ அதிகாரியாகப் போக ஆசைப்படுகிற பிள்ளைக்கு அதுதான் முதல் வாசல். மூன்று வருடம் அங்கே படிப்பும் பயிற்சியும், அப்புறம் படைக்கு ஏற்றபடி டேராடூன், எழிமலை, துண்டிகல் என்று இன்னொரு வருடம். செலவு முழுக்க அரசாங்கத்துடையது, கையில் டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகத்தின் பட்டமும் வரும். 2022லிருந்து பெண்களும் சேர்கிறார்கள், அவர்களின் முதல் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்துவிட்டது. ஆகவே தங்கச்சிகளே, கீழே எழுதியிருப்பது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மொத்த மதிப்பெண் 1800. அதில் எழுத்துத் தேர்வுக்கு 900, எஸ்.எஸ்.பி. எனப்படும் ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்கு 900. சரிபாதி. ஆனால் நம் ஊரில் என்ன நடக்கிறது? இரண்டு வருடம் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, எஸ்.எஸ்.பி.க்கு அழைப்புக் கடிதம் வந்த பிறகு பத்து நாளில் "தயாராகி" பெங்களூருக்கு ரயில் ஏறுகிறோம். நானும் அப்படிப் போனவன்தான். முதல் நாள் மதியமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அடுத்த முறை கடைசி நாள் வரை நின்றேன், ஆனால் பெயர் வரவில்லை. அதன் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வழி சொல்லியிருக்கிறேன், சிலர் உள்ளே போயிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், புத்தகம் அப்புறம்

மருத்துவப் பரிசோதனை கடைசியில்தான் வரும், ஆனால் நீங்கள் அதை முதலில் செய்துபாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் எழுத்துத் தேர்வும் எஸ்.எஸ்.பி.யும் தாண்டி, ராணுவ மருத்துவமனையில் வைத்துத்தான் தனக்கு நிறக்குறைபாடு இருக்கிறது என்றே தெரிந்துகொண்டான். வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு வட்டத்தைக் காட்டி உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்பார்கள். மற்றவர்களுக்கு 74 என்று தெரிந்த இடத்தில் அவனுக்கு 21 தெரிந்தது. இரண்டு வருட உழைப்பு அந்த ஒரு பக்கத்தில் நின்றுபோனது. பத்தாம் வகுப்பிலேயே கண் டாக்டரிடம் போய் ஐந்து நிமிடம் இதைப் பார்த்திருந்தால் அவன் வேறு வழியில் போயிருப்பான்.

ஆகவே ஒருநாள் ஒதுக்கி கண் பார்வை, நிறப் பார்வை, காது, பல், பாதம், முழங்கால் எல்லாவற்றையும் பாருங்கள். ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நின்றால் உள்வளைவு இல்லாமல் முழுப்பாதமும் பதிகிறதா? கணுக்கால்களைச் சேர்த்து நின்றால் முழங்கால்கள் வெகுதூரம் விலகி நிற்கின்றனவா, அல்லது முழங்கால்களைச் சேர்த்தால் கணுக்கால்கள் வெகுதூரம் விலகுகின்றனவா? மூக்குத் தண்டு வளைவு, குடலிறக்கம், விரை நரம்பு வீக்கம், மூலம் ஆகியவற்றில் பல அறுவை சிகிச்சையில் சரியாகக் கூடியவை, ஆனால் ஆற நாள் வேண்டும், அதனால் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். காதில் அழுக்கு அடைத்திருப்பது, பல் சொத்தை, கூடுதல் எடை போன்ற சின்ன விஷயங்களுக்காக "தற்காலிகத் தகுதியின்மை" வாங்கி மேல்முறையீட்டுக்கு அலைகிறவர்கள் நிறைய, இதெல்லாம் வீட்டிலேயே முடிக்கக்கூடிய வேலை.

இரண்டு எச்சரிக்கை. கண்ணாடி போட்டிருக்கிறோமே என்று அவசரப்பட்டு லேசர் சிகிச்சைக்குப் போகாதீர்கள், 20 வயதுக்கு முன் செய்த லேசரை ஏற்க மாட்டார்கள். இன்னொன்று பச்சை குத்துவது. முன்கையின் உட்பக்கம், புறங்கை தவிர வேறு இடத்தில் இருந்தால் சிக்கல், ஆகவே இந்த ஆசை இருக்கிற வரை ஊசிப் பக்கமே போகாதீர்கள். விமானியாக விரும்புகிறவர்கள் உயரம் 162.5 செ.மீ. இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது படி: வயதும் வாய்ப்புகளும், ஒரு தாளில்

பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. அறிவிக்கை பொதுவாக டிசம்பரிலும் மே மாதத்திலும் வரும், தேர்வு ஏப்ரலிலும் செப்டம்பரிலும். பிளஸ் டூ தொடங்கிய வருடத்தின் செப்டம்பர் தேர்விலிருந்து எண்ணினால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மூன்றோ நான்கோ வாய்ப்புதான் கிடைக்கும். பிறந்த தேதியை வைத்து உங்களுடைய வாய்ப்புகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முதல் வாய்ப்பை "சும்மா பார்க்கலாம்" என்று விடாதீர்கள், அதுதான் அழுத்தம் இல்லாமல் எழுதக் கிடைக்கும் தேர்வு.

ராணுவப் பிரிவுக்கு எந்தப் பாடப்பிரிவு படித்திருந்தாலும் போதும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். ஆனால் வணிகவியல் படித்தவரும் அதே கணக்குத் தாளைத்தான் எழுத வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

விண்ணப்பத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம், இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் ஒரு எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் விரித்து எழுதியது, வேறொன்றில் பெயருக்குப் பின்னால். சான்றிதழில் உள்ளபடியே விண்ணப்பத்தை நிரப்புங்கள், மற்ற ஆவணங்களை அதற்கு ஏற்ப இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். கட்டணம் 100 ரூபாய்தான். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் இல்லை.

மூன்றாவது படி: எழுத்துத் தேர்வு

இரண்டு தாள், தலா இரண்டரை மணி நேரம். கணக்கில் 120 கேள்வி, 300 மதிப்பெண். பொதுத்திறன் தாளில் 150 கேள்வி, 600 மதிப்பெண். அதில் ஆங்கிலத்துக்கு 200, மீதி 400 பொது அறிவுக்கு. அந்த நானூறில் இயற்பியல் கால்பங்கு, வரலாறும் புவியியலும் ஐந்தில் ஒரு பங்கு வீதம், வேதியியல் 15 சதவீதம், பொது அறிவியலும் நடப்பு நிகழ்வுகளும் பத்துப் பத்து. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும், அதாவது கணக்கில் 0.83, பொதுத்திறனில் 1.33.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். கணக்குத் தாளில் 65 கேள்விக்கு மட்டும் விடை எழுதி 50 சரி, 15 தவறு என்றால் 112 சொச்சம். பொதுத்திறனில் 100 எழுதி 75 சரி, 25 தவறு என்றால் 266 சொச்சம். மொத்தம் 380ஐ ஒட்டி வருகிறது. சமீப வருடங்களில் எழுத்துத் தேர்வின் கட் ஆஃப் பெரும்பாலும் 290க்கும் 360க்கும் இடையில்தான் இருந்திருக்கிறது (ஒவ்வொரு தாளிலும் தனியாகக் குறைந்தபட்சமும் எடுக்க வேண்டும்). எல்லாக் கேள்விகளையும் தொடாவிட்டாலும், தொட்டதைச் சரியாகச் செய்தால் போதும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. 120ஐயும் முடிக்க வேண்டும் என்று ஓடி, கடைசி இருபது நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வட்டமிடுகிற பழக்கம்தான் நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தின்கிறது.

கணக்குக்கு நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடப்புத்தகம் பெரும்பாலும் கைகொடுக்கும். முக்கோணவியல், அணிகள், நுண்கணிதம், வெக்டர், நிகழ்தகவு எல்லாம் அதில் இருக்கின்றன. குறை எங்கே என்றால் வேகத்தில். ஒரு கேள்விக்கு 75 விநாடிதான், அங்கே ஐந்து மதிப்பெண் கேள்விபோல வரிவரியாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. பழைய வினாத்தாள்கள் யு.பி.எஸ்.சி. தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். குறைந்தது பத்துத் தாளையாவது கடிகாரம் வைத்துப் போடுங்கள், ஒவ்வொரு தாளுக்கும் பிறகு தவறிய கேள்விகளுக்கென்றே ஒரு நோட்டு வையுங்கள்.

தமிழ் வழியில் படிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு தனி வேலை இருக்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். முடுக்கம் என்றால் என்ன என்று உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும், ஆனால் தாளில் ஆக்சலரேஷன் என்று இருக்கும்போது ஒரு கணம் தடுமாறுவீர்கள். உந்தம், நியமப்பாதை, வகைக்கெழு, வினைவேகமாற்றி என்று பாடத்தில் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டே வாருங்கள். தினம் பத்துச் சொல் என்றால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அறிவு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றிப் பழகுகிறீர்கள். வரலாறு, புவியியலுக்கு ஆறு முதல் பத்து வரையிலான சமூக அறிவியல் புத்தகங்களை ஆங்கில வழிப் பதிப்பில் ஒருமுறை படித்தால் மொழியும் பாடமும் ஒன்றாகக் கைக்கு வரும்.

எழுத்துத் தேர்வு முடிவில் உங்கள் எண் இருந்தால் கொண்டாட்டத்தில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்திய ராணுவத்தின் ஆட்சேர்ப்பு இணையதளத்தில் இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும்.

நான்காவது படி: எஸ்.எஸ்.பி. இதற்குத்தான் அதிக நாள் வேண்டும்

பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், மைசூரு என்று பல இடங்களில் தேர்வு மையங்கள் உண்டு. கடற்படைக்குத் தனி மையங்களும் இருக்கின்றன. ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். உள்ளே போனதும் மார்பில் ஒரு எண்ணைக் கட்டிவிடுவார்கள், அதன் பிறகு உங்களுக்குப் பெயர் கிடையாது.

முதல் நாள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். முதலில் ஒரு நுண்ணறிவுத் தேர்வு. பிறகு மங்கலான ஒரு படத்தை முப்பது விநாடி திரையில் காட்டுவார்கள். படத்தில் எத்தனை பேர், ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன மனநிலை என்று குறித்துவிட்டு நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். பிறகு பதினைந்து பேர் போல வளைவாக உட்கார வைத்து, ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்தில் தன் கதையைச் சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்லி முடித்ததும் குழுவாகப் பேசி ஒரு பொதுக் கதைக்கு வாருங்கள் என்பார்கள். அந்தக் கணத்தில் சந்தைக்கடை இரைச்சல்தான். நான் என் முதல் முறையில் வாயே திறக்கவில்லை. மனதில் தமிழில் ஓடிய வாக்கியத்தை ஆங்கிலமாக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விட்டது. கத்தியவர்களும் திரும்பி வந்தார்கள், என்னைப்போல மௌனமாக இருந்தவர்களும் திரும்பி வந்தார்கள். தங்கியவர்கள் இரண்டு மூன்று முறைதான் பேசினார்கள், ஆனால் "அவர் சொன்னதில் இந்தப் பகுதி நன்றாக இருக்கிறது, அதோடு இதைச் சேர்க்கலாம்" என்கிற மாதிரிப் பேசினார்கள்.

இதற்குப் பயிற்சி செலவில்லாதது. தினமும் செய்தித்தாளில் ஒரு படத்தை எடுத்து, நான்கு நிமிடம் கதை எழுதி, செல்போனில் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து, மறுபடி கேளுங்கள். முதல் வாரம் கேட்கவே கூச்சமாக இருக்கும், நாற்பதாம் நாள் உங்கள் குரலே மாறியிருக்கும். பெரிய ஆங்கிலம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. இலக்கணம் அங்கங்கே பிசகினாலும் நிற்காமல், புரியும்படி சொல்ல முடிகிறதா என்பதுதான் விஷயம். ஒரு நண்பனோடு தினம் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது என்று சத்தியம் பண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் தாண்டினால் உளவியல் தேர்வு. பன்னிரண்டு படக்கதைகள், அதில் கடைசியில் வருவது வெற்றுத் தாள். அறுபது சொற்கள், ஒவ்வொன்றையும் பார்த்துப் பதினைந்து விநாடிக்குள் ஒரு வாக்கியம். அறுபது சூழ்நிலைகளுக்கு முப்பது நிமிடத்தில் பதில். அப்புறம் உங்களைப் பற்றி அப்பா அம்மா, ஆசிரியர், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று பதினைந்து நிமிடத்தில் எழுத வேண்டும்.

பயிற்சி மையங்கள் இதற்கெல்லாம் தயார் விடைகள் தருகின்றன, பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகிறார்கள். எனக்கு இதில் மனவருத்தம் உண்டு. "தேர்வுக்குப் போகும் வழியில் விபத்தைப் பார்க்கிறீர்கள்" என்ற சூழ்நிலைக்கு, காயமடைந்தவரை மருத்துவமனையில் சேர்த்து, ரத்தமும் கொடுத்து, நேரத்துக்குத் தேர்வும் எழுதி முதலிடமும் வாங்கினேன் என்று எழுதுகிறார்கள். நிஜத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? 108க்குக் கூப்பிடுவீர்கள், ரத்தம் வழிந்தால் துணியால் அழுத்திக் கட்டுவீர்கள், பக்கத்துக் கடைக்காரரை நிற்கச் சொல்லிவிட்டுக் கிளம்புவீர்கள். அதை எழுதுங்கள். பயம் என்ற சொல் வந்தால் "பயத்தை வெல்வதே வீரம்" என்று எழுதாமல், "கிணற்றில் குதிக்கப் பயந்த தம்பி ஒரு வாரத்தில் நீந்தினான்" என்று உங்கள் வாழ்க்கையிலிருந்து எழுதுங்கள். உளவியலாளர், களத் தேர்வு அதிகாரி, நேர்காணல் அதிகாரி என மூன்று பேர் உங்களைத் தனித்தனியாக எடைபோடுகிறார்கள். காகிதத்தில் ஒருவன், மைதானத்தில் வேறொருவன் என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

மைதானத்தில் குழு விவாதம், வரைபடத்தை வைத்துத் திட்டமிடல், பலகை, கட்டை, கயிறு கொண்டு தடைகளைத் தாண்டுவது, மூன்று நிமிடம் ஒரு தலைப்பில் பேசுவது, மூன்று நிமிடத்தில் பத்துத் தடைகளைத் தனியாகக் கடப்பது என்று வரும். பலகையும் கட்டையும் வைத்து ஆறேழு பேரும் பெட்டியும் அக்கரைக்குப் போக வேண்டிய வேளையில், யோசனை சொல்கிறவன் ஒருவன், பலகையின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை அனுப்புகிறவன் இன்னொருவன். அந்த இரண்டாமவனையும் அதிகாரி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கோயில் திருவிழாவில் தேர் வடம் பிடித்தவர்களுக்கும், வாலிபால் அணிக்காக ஓடி ஓடிப் பந்து எடுத்தவர்களுக்கும் இது புதிதாக இருக்காது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஏதாவது ஒரு குழு விளையாட்டில் இருங்கள், பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேருங்கள், வகுப்புத் தலைவர் பொறுப்பு வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள். பெற்றோர்களே, "விளையாட்டெல்லாம் பரீட்சைக்கு அப்புறம்" என்று இந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், இங்கே விளையாட்டும் பரீட்சைக்குள்தான் இருக்கிறது.

நேர்காணலுக்கு முன் ஒரு தகவல் படிவம் நிரப்புவீர்கள். வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, விளையாட்டு, பொறுப்புகள் எல்லாம் அதில் இருக்கும், கேள்விகளும் பெரும்பாலும் அதிலிருந்தே புறப்படும். பத்தாம் வகுப்பில் எவ்வளவு, பிளஸ் ஒன்னில் ஏன் குறைந்தது, பிடித்த ஆசிரியர் யார், ஏன், யாரோடு நெருக்கம், கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள் என்று ஒரே மூச்சில் ஏழெட்டுக் கேள்வி கேட்பார்கள். வரிசையை நினைவில் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒன்று விட்டுப்போனால் அதைச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டுக்கொள்ளலாம்.

விவசாய வீட்டுப் பையன் ஒருவன் பொழுதுபோக்கு என்ற இடத்தில் "புத்தகம் படிப்பது, இசை கேட்பது" என்று எழுதியிருந்தான். என்ன புத்தகம் என்று நான் கேட்டதும் விழித்தான். வீட்டில் என்ன செய்வாய் என்றேன். மோட்டார் ஓடவில்லை என்றால் கழற்றிப் பார்ப்பது அவன்தானாம். எந்தப் பாகம் அடிக்கடி போகும், எவ்வளவு செலவாகும், நிலக்கடலை மூட்டை இந்த வருடம் என்ன விலைக்குப் போனது, ஏன் இறங்கியது என்று பத்து நிமிடம் தடுமாறாமல் பேசினான். அதை எழுது என்றேன். நம் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லத் தகுந்ததாகவே நினைப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம். உங்கள் மாவட்டத்தின் ஆறு, பயிர், தொழில், அதன் பிரச்சினை, அதற்கு நீங்கள் நினைக்கும் தீர்வு, இவ்வளவும் ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்திருக்கட்டும். இதோடு தினம் அரைமணி நேரம் ஆங்கிலச் செய்தித்தாள்.

விமானப்படைப் பறக்கும் பிரிவைக் கேட்டவர்களுக்குக் கணினி வழியில் ஒரு விமானித் தேர்வு உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான், தவறினால் மறுபடி கிடையாது, ஆகவே முந்தைய இரவு நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள்.

வேறு வாசல்கள்

தம்பி தங்கை இன்னும் சின்ன வகுப்பில் இருந்தால் அவர்களுக்கு முன்னதாகவே வழி இருக்கிறது. உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரில் 1962லிருந்து சைனிக் பள்ளி இருக்கிறது, ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். டேராடூன் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரிக்கு எட்டாம் வகுப்பில் சேர்க்கை, அதற்கான தேர்வைத் தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. வயது தாண்டிவிட்டதா? பட்டம் முடித்து சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வை எழுதி டேராடூனுக்கோ, நம் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கோ போகலாம். அங்கேயும் எஸ்.எஸ்.பி. இதேபோலத்தான். இன்று பழகியது எதுவும் வீண் போகாது.

ஐந்தாவது படி: பெயர் வந்த பிறகு

கடைசி நாள் அதிகாரிகள் எல்லாரும் கூடி முடிவெடுக்கும் கான்ஃபரன்ஸ் முடிந்து உங்கள் மார்பு எண்ணைக் கூப்பிட்டால் அங்கிருந்து நேராக மருத்துவப் பரிசோதனை. ஏதாவது குறை எழுதினால் பயப்படாதீர்கள், என்ன குறை, எத்தனை நாளுக்குள் எந்த மருத்துவமனைக்கு மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பிறகு தரவரிசைப் பட்டியல். ஒரு தேர்வுக்கு மொத்தம் ஏறத்தாழ 400 இடம், எழுத்தும் எஸ்.எஸ்.பி.யும் சேர்த்து சமீப வருடங்களில் 650 முதல் 720 வரை எடுத்தவர்கள் கடைசியாக உள்ளே போயிருக்கிறார்கள். எஸ்.எஸ்.பி.யில் தேறியும் எழுத்து மதிப்பெண் குறைவால் பட்டியலில் விட்டுப்போகிறவர்கள் உண்டு, ஆகவே கட் ஆஃப் தாண்டினால் போதும் என்று எழுத்தை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வாய்ப்புக்கு விண்ணப்பிக்க வேண்டிய தேதி இடையில் வந்தால் அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

அழைப்பு வரும் வரை சில மாதம் கிடைக்கும். 2.4 கி.மீ. ஓட்டத்தைப் பதினைந்து நிமிடத்தில் தொடங்கி, வாரம் கொஞ்சமாகக் குறைத்து பதினொன்றுக்குள் கொண்டுவாருங்கள். தண்டால், சிட் அப், கம்பியில் தொங்கி மேலே எழும்புவது, கயிறு ஏறுவது எல்லாம் தினமும். நீச்சல் தெரியாவிட்டால் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். ஊர்க் கிணறு போதும், பக்கத்தில் நீச்சல் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் சரி.